தெரியாதவர்கள் இடது கை

எல்லாக் கைகளும் மேலே இருக்கின்றன, ஐந்தாம் வகுப்பு முழுக்கக் கை, எனக்கு மதிப்பெண் போட வந்த தேர்வாளர் கடைசி பெஞ்சிலிருந்து நிமிர்ந்து பார்க்கிறார், இந்தப் பாடத்தில் தேறினால்தான் நான் டீச்சர், கைகளின் சூட்சுமம் அவருக்குத் தெரியாது, பயிற்சிப் பள்ளி விடுதியில் உடன் படிக்கும் ரோசலின் சொல்லித்தந்தது, ஏட்டி, தெரிஞ்ச பிள்ள வலது கையத் தூக்கட்டும், தெரியாதது இடது கையத் தூக்கட்டும், பாக்குறவருக்கு எல்லாம் கைதான, நீ வலது கையாப் பாத்து எழுப்பு, நேற்றே பிள்ளைகளிடம் சொல்லிவைத்துவிட்டேன், ரோசலின் நர்சிங் கிடைக்காமல் டீச்சர் பயிற்சிக்கு வந்தவள், என் அம்மாவுக்கோ இது வெயில் படாத வேல, சாயங்காலம் வந்து உலை வச்சிரலாம், சேர்க்கையில் எதுக்கும்மா டீச்சராகணும் என்று கேட்டார்கள், சேவை சார் என்றேன், பச்சைப் பொய், நான் வந்தது பயத்தில், நானும் இதே ஐந்தாம் வகுப்பில் படிக்கையில், பகலில் நட்சத்திரம் எங்கே போகும் என்று டீச்சர் கேட்டார், எழுந்தேன், வாய் ஒட்டிக்கொண்டது, சொல்லுத வரைக்கும் நில்லு, மணி அடித்து எல்லோரும் தட்டோடு சோற்றுக்கு ஓடினார்கள், நான் நின்றேன், இன்றும் கனவில் நிற்கிறேன், பாவாடை நனைகிறது, அந்த அறையில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஒரே ஆள் டீச்சர்தான் என்று அன்றைக்கே மனசில் குறித்துக்கொண்டேன்.

அதே கேள்வியைத்தான் இப்போது நான் கேட்டிருக்கிறேன், வலது கையாகப் பார்த்து நீ சொல்லும்மா என்கிறேன், இசக்கியம்மாள் எழுந்திருக்கிறாள், தூக்கிய கையை இறக்காமல் அதையே பார்க்கிறாள், அப்போதுதான் உறைக்கிறது, எதிரே இருப்பவர்களின் வலது எனக்கு இடது, நான் ஒத்திகை பார்த்ததோ விடுதிக் கண்ணாடி முன்னால், அதில் வலது வலப்பக்கமே தெரியும், இவள் தூக்கியிருப்பது இடது, டீச்சர், நான் இந்தக் கையத்தான தூக்குனேன், என்கிறாள், குரல் உடைகிறது, எந்தக் கைம்மா, என்ன சொல்லுதா அவ, என்று தேர்வாளர் எழுந்து வருகிறார், ஒன்றுமில்லை சார், மக்குப் பிள்ளை என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம், நாக்கு நுனி வரை வந்துவிட்டது, அவள் பாவாடையைக் கசக்குகிறாள், மதிய மணி அடிக்கிறது, ஒருவரும் ஓடவில்லை, தெரியாதவங்க இடது கை சார், நான்தான் சொல்லிக்கொடுத்தேன், என்கிறேன், அவர் முகம் சிவக்கிறது, இதுக்காம்மா டீச்சராக வந்த, சொல்லு, எதுக்கு வந்த, வாய் ஒட்டிக்கொள்கிறது, இசக்கியம்மாள் பக்கம் திரும்புகிறேன், நீ உக்காரு இசக்கி, நான் நிக்கேன், என்கிறேன், அவள் உட்காருகிறாள், இறக்கச் சொல்ல நான் மறந்துபோனதால் வகுப்பில் எல்லாக் கைகளும் இன்னும் மேலேயே இருக்கின்றன, சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு என் இடது கையையும் தூக்குகிறேன்.