கையா, காரா?

மூன்று வாரமாக அந்த முடிதிருத்துபவர் சவரக் கத்தியைத் தொடவில்லை. சவரத்துக்கு வந்தவர்களிடம், "பிளேடு தீர்ந்துபோச்சு, இன்னைக்கு மெஷின்தான்" என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லி, தாடியை ஒட்ட வெட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்த அலமாரியிலோ பிளேடுப் பெட்டிகள் அடுக்கடுக்காக இருந்தன.

இத்தனைக்கும் காரணம் முழங்கை நீளமுள்ள ஒரு ரிமோட் கார். ஞாயிறுதோறும், கைவிடப்பட்ட செங்கல் சூளைக்குப் பின்னால் உள்ள மண்பாதையில் அவர் அதை ஓட்டுவார். கடையின் சிமெண்டுத் தரையில் நூல் பிடித்தாற்போல் ஓடும் அந்தக் கார், கொஞ்ச நாளாக மண்பாதையில் இறங்கினால் மட்டும் பாம்பாய் நெளிந்தது. டயரை மாற்றினார். ஸ்பிரிங்கை மாற்றினார். ரிமோட்டில் ஸ்டியரிங் திரும்பும் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார். நெளிவு மாறவில்லை. மாற்ற முடியாதது ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. அது அவருடைய கை.

அவருடைய அண்ணனுக்கும் ஏறக்குறைய இந்த வயதில்தான் கைநடுக்கம் வந்தது. வீட்டில் டம்ளர் பிடிக்கும்போது ஆடாத கை, கடையில் கத்தி பிடித்தால் ஆடும். வாடிக்கையாளர் ஒருவரின் காதைக் கீறிய அன்று, சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்த மனிதர் இன்றுவரை எழுந்திருக்கவில்லை. கடைத் தரையில் காரை ஓட்டும்போது ஆடாத கை பந்தயத்தில் ஆடினால் வேறென்ன பொருள்? இந்த ஞாயிறும் அப்படியே நெளிந்தால், மனைவியிடம் உண்மையைச் சொல்லிக் கடையை விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

ஞாயிறும் வந்தது. ஓட்டுபவர்களுக்கான மரமேடையில் அவருக்குப் பக்கத்தில் மனைவியின் தம்பி நின்றான். எலெக்ட்ரீஷியன், இந்தப் பைத்தியத்தை அவருக்குத் தொற்றவைத்தவனும் அவனே. கவிழும் கார்களை நிமிர்த்துவதற்காக மனைவி கீழே வளைவோரம் நின்றாள். பந்தயத்துக்கு முந்தைய வெள்ளோட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே அவருடைய கார் தடம் பதிந்த பள்ளத்தில் துள்ளி, ஓரத்து டயர்க் குவியலில் மோதி மல்லாந்தது.

"மாமா, கை ஆடுது! வயசாயிடுச்சு!" என்றான் மைத்துனன்.

"பள்ளம் மோசமா இருக்கு மச்சான்."

"ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம்!"

மேடையே சிரித்தது. தெரு கோணலா என்று அந்தப் பழமொழியைச் சொன்னவர் எவரேனும் ஒருமுறை போய்ப் பார்த்ததுண்டா? ஒருவர் தடுமாறினால் போதும், அவருடைய கையைப் பழிக்கக் கூட்டம் கூடிவிடுகிறது. அந்தக் கையிலுள்ள கருவியைப் புரட்டிப் பார்க்கத்தான் ஒருவருக்கும் நேரமில்லை. ஆனால் அவருக்குக் கோபம் வரவில்லை. 'கை ஆடுது' என்ற சொல் நெஞ்சில் கல்லாய் விழுந்தது. ரிமோட்டைப் பலகைமேல் வைத்துவிட்டார்.

கீழே மனைவி காரை எடுத்து, சேற்றைத் துடைப்பதற்காக முன்பக்கத்தை முழங்கால்மேல் அழுத்திப் பிடித்தாள். அடுத்த கணம் வீறிட்டாள்.

"ஏங்க! அறிவிருக்கா? கைய உள்ள விட்டிருக்கேன், ஸ்டியரிங்கத் திருப்புறீங்க! விரல் நசுங்கியிருக்கும்!"

"நான் திருப்பலயே!"

"பின்ன யாரு, பேயா?"

அவர் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார்.

"அக்கா, மாமா சரண்டர் ஆயிட்டாரு!" என்று கத்தினான் மைத்துனன்.

தூக்கிய கைகள் தூக்கியபடியே நின்றன. "இன்னொரு தடவ அழுத்து" என்றார் அவர். "அதே மாதிரி. மூக்க அழுத்து."

அவள் அழுத்தினாள். முன் சக்கரங்கள் இரண்டும் மாறுகண்ணைப்போல உட்புறமாகத் திரும்பின. கையை எடுத்தாள், நேராயின.

"ஐயோ, தானா திரும்புதுங்க!"

அவர் படிகளைத் தாவி இறங்கி, மண்ணில் மண்டியிட்டுக் காரைப் புரட்டினார். நெளிவு தொடங்குவதற்குச் சற்று முன்பு ஒரு மோதலில் சக்கரத்தைத் தாங்கும் முட்டிகள் உடைந்தபோது, வேறொரு காருக்கான தடித்த முட்டிகளைத் தாமே பூட்டியிருந்தார். அவற்றில் ஸ்டியரிங் கம்பியின் நுனி சற்று உயரத்தில் உட்கார்ந்திருந்தது. சக்கரத்தைக் காரோடு இணைக்கும் தண்டும் ஸ்டியரிங் கம்பியும் ஒரே சாய்வில் ஏறி இறங்க வேண்டும்; இல்லையென்றால் சக்கரம் மேட்டில் ஏறும்போதெல்லாம் கம்பி அதை ஒரு பக்கம் வெட்டி இழுக்கும். சிமெண்டுத் தரையில் மேடேது, பள்ளமேது? மண்பாதையில் பள்ளத்துக்குப் பள்ளம் ஓர் இழுப்பு.

"இத எவன் பூட்டினான்?" என்றான் பின்னாலேயே வந்த மைத்துனன்.

"நான்தான்!" என்றார் அவர், பரிசு வாங்கியவரைப்போல.

மனைவி அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "அதுக்கு ஏன் கண்ணு கலங்குது?"

சொன்னார். அண்ணனையும் கத்தியையும், எல்லாவற்றையும்.

"அலமாரி நிறைய வெச்சுக்கிட்டு பிளேடு இல்லன்னப்பவே என்னமோ இருக்குன்னு நினைச்சேன். கட்டினவகிட்ட சொல்ல என்ன கேடு?"

"சொன்னா நிஜமாயிடுமோன்னு பயம்."

அவள் அவருடைய சட்டையில் ஒட்டியிருந்த சேற்றைத் தேவைக்குமேல் பலமாகத் தட்டிவிட்டாள்.

கம்பியின் நுனியைக் கழற்றி, முட்டியின் அடிப்பக்கமாக மாட்டி, இடையில் மெல்லிய வாஷர் கொடுத்து முறுக்கினார். அழுத்தினால் சக்கரம் ஏறியது, இறங்கியது, திரும்பவில்லை. பந்தயத்தில் கார் அதே பள்ளத்தின்மேல் கும்பிட்டுக்கொண்டு நேராகப் போயிற்று. மூன்றாவதாகத்தான் வந்தார். முதலாவதாக வந்தவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

திரும்பும் வழியில் மனைவி கேட்டாள்: "கார் சரியாச்சு. கை?"

நியாயமான கேள்வி. காரில் குற்றம் இருந்தது என்பதனாலேயே கையில் குற்றம் இல்லை என்று ஆகிவிடாது. அன்று மாலை, விடுமுறைக்காக மூடியிருந்த கடையின் ஷட்டர் பாதி உயர்ந்தது. நாற்காலியில் மைத்துனன், கழுத்துவரை துணி, கன்னம் நிறைய நுரை.

"மாமா, எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல. அத மனசுல வெச்சுக்குங்க."

"வாய மூடு மச்சான். உன் வாய் ஆடினா என் கத்தி வெட்டும்."

பிறந்தது முதல் ஓயாத அந்த வாய் ஓய்ந்தது. கத்தி காதோரத்தில் இறங்கித் தாடையில் வளைந்து, தொண்டைக் குழிக்கு வந்தது. வாசலில் நின்ற மனைவி அவர் கையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. கை மெல்லப் போயிற்று, நின்றது, மறுபடி போயிற்று. கத்தி போன வழியெல்லாம் தோல் பளிச்சென்று தெரிந்தது. வெள்ளைத் துண்டால் அவர் துடைத்தபோது அதில் நுரையின் ஈரம் மட்டுமே இருந்தது. மைத்துனன் தொண்டையைத் தடவி, அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டான்.

அவள் ஷட்டரை முழுவதும் தூக்கினாள்.

"கடை திறந்திருக்குன்னு வெளிய ரெண்டு பேரு நிக்கிறாங்க. ஷேவிங்காம்."

அவர் கத்தியில் புது பிளேடு மாட்டினார்.

"உக்காரச் சொல்லு."