சுவரில் விழுந்த கோடு

அத்தான் மூன்றாவது முறையாகக் காரைக் கொண்டு வந்து நிறுத்தியபோதும் புகார் மாறவில்லை. விளக்கு போதவில்லை.

அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதானதிலிருந்து வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மருத்துவமனையில் கிடைத்தது முதல் வேளை. விடிவதற்கு முன்பே வீட்டிலிருந்து கிளம்பினால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். வாடகை வண்டிப் பேச்சை எடுத்தாலே அத்தானுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவளுக்காகத் தன்னால் செய்ய முடிந்த ஒரே காரியத்தையும் பிடுங்கிக்கொள்ளப் பார்க்கிறோம் என்பார்.

ஆனால் அந்த வாரம் நடந்தது வேறு. பாதி வழியில் ரோடு தெரியவில்லை என்று ஓரமாக நிறுத்திவிட்டு, வெளிச்சம் வரும்வரை காத்திருந்திருக்கிறார். தாமதமாகப் போனதால் அக்காவின் டயாலிசிஸ் நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். என் பட்டறை வாசல் ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருந்தபோது கால்கள் வீங்கியிருந்தன. செருப்பின் வார் தோலில் புதைந்திருந்தது.

நான் கார் எலக்ட்ரீஷியன். விளக்கு மங்கினால் எல்லோரும் பல்பைத்தான் திட்டுவார்கள். பாவம் பல்பு. முன்னால் இருக்கும் கண்ணாடி உண்மையில் கண்ணாடியே இல்லை, பிளாஸ்டிக். வெயில் படப்பட அதன் மேல்பூச்சு உரிந்து, கறை பிடித்த பல்லைப் போல மஞ்சளாகிவிடும். முதல் முறை வந்தபோது அதைச் சரிசெய்தேன். தண்ணீர் விட்டு, சொரசொரப்பான உப்புத்தாளில் தொடங்கி, மெல்ல மெல்ல நைசான தாளுக்குப் போக வேண்டும். முதலில் மஞ்சள் தண்ணீர் வழியும். அது வெள்ளையாக மாறினால் பழைய பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். கடைசியில் புதுப்பூச்சு அடிக்காமல் விட்டால் சில மாதங்களில் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். அடித்தேன்.

இரண்டாம் முறை மின்சாரத்தைப் பார்த்தேன். பேட்டரியில் இருக்கும் வோல்ட் அத்தனையும் பல்புக்குப் போய்ச் சேராது. பழைய காரில் எர்த் வயர் தகட்டோடு சேரும் இடம் துருப்பிடித்து வழியிலேயே கொஞ்சத்தை விழுங்கிவிடும். கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் நிறையக் குறையும். துருவைச் சுரண்டி, புது வயர் போட்டேன்.

அதற்குப் பிறகும் மங்கல் என்றால் எனக்கே புரியவில்லை.

"உன் தம்பி வேலையில குறை சொல்றேன்னு நெனைக்காத. ஆனா தெரியலன்னா தெரியல" என்று அக்காவிடம் சொன்னார் அத்தான். எப்போதும் வாய் ஓயாத அவள் அன்று குனிந்து செருப்பின் வாரைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். காரில் ஏறினால் இன்னும் மோசம். பள்ளம் வருது, சைக்கிள்காரன் போறான், வளைவு, மெதுவா என்று நிறுத்தவே மாட்டாள். ஸ்டியரிங் என் கையில, கார் இவ வாயில என்று அத்தான் கேலி செய்வார்.

டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தேன். அவராகவே மாற்றிப் போட்ட பல்புகள் நான்கைந்து எரிந்துபோய்க் கிடந்தன. ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் விரல் பட்ட இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. ஹாலஜன் பல்பை வெறும் விரலால் தொடக் கூடாது. தோலின் எண்ணெய் ஒட்டிய இடம் மட்டும் அதிகம் சூடாகி, பல்பு சீக்கிரம் போய்விடும். இது அத்தானுக்குத் தெரியாததல்ல. தையற்கூடத்தில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். பட்டுத்துணியைத் தொடுமுன் கை துடைக்கிற மனிதர். பல்பை எந்தப் பக்கம் திருப்பிப் பொருத்துவது என்று பார்த்தாலே தெரியும். அவர் ஏன் தடவிப் பார்த்திருக்கிறார்?

அந்திக்குக் காத்திருந்தேன். சமதரையில் காரைச் சுவருக்கு நேராகத் தள்ளி நிறுத்தி, விளக்கின் நடுமட்டம் எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் சுவரில் ஒரு டேப் ஒட்டினேன். தாழ்வெளிச்சம் சரியாக இருந்தால் அதன் மேல்விளிம்பு டேப்புக்குச் சற்றுக் கீழே கோடு போட்டதுபோல விழ வேண்டும். விளக்குக்குப் பின்னால் இருக்கும் திருகைத் திருப்பி வெளிச்சத்தை இறக்கினேன். டேப்புக்கு மூன்று விரல் கீழே கத்தியால் கீறியதுபோல நின்றது கோடு.

"அத்தான், வெளிச்சம் எங்க முடியுதுன்னு கை வச்சுக் காட்டுங்க."

அவர் ஓரமாக நடந்து சுவரருகே போனார். சாக்பீஸ் கோட்டின் மேல் முப்பது வருஷம் கத்தரி பிசகாமல் ஓட்டிய கை அது. சுவரைத் தடவிக்கொண்டே மேலே போயிற்று. டேப்பின் விளிம்பு விரலில் தட்டியதும் நின்றது.

"இங்கதான்."

கோடு அவர் விரலுக்குக் கீழே கிடந்தது. விளக்கின் மேல் எந்தத் தப்பும் இல்லை.

"விடுடா தம்பி," என்றாள் அக்கா. "அவருக்கு இருட்டுல கண்ணு தெரியாது. மழைக்கு முன்னாடியிலேர்ந்தே தெரியல. நான் வாய் ஓயாம பேசினது எதுக்குன்னு நெனச்ச?"

"அப்போ, பாதி வழியில நின்ன அன்னைக்கு?"

"அசதியில தூங்கிட்டேன்."

அத்தான் சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை. "அவ குரல் நின்னதும் ரோடும் நின்னுபோச்சு, மாப்ள. எழுப்ப மனசு வரல. பழியைத் தூக்கி விளக்கு மேல போட்டேன்."

அக்கா வீங்கிய கால்களோடு எழுந்துபோய் அவர் பக்கத்தில் நின்றாள். "சொன்னா சாவியப் பிடுங்கிடுவாங்க. அப்புறம் இவரு வீட்டு மூலையில உக்காந்திருப்பாரு. அதப் பாக்க எனக்குத் தெம்பில்ல" என்றாள் என்னிடம்.

"இன்னொரு நாள் தூங்கினா, அக்கா?"

அத்தான்தான் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். என் கை எங்கே என்று தேடி, அதில் வைத்தார்.

"எனக்கும் உப்புத்தாள் போட்டுத் தேச்சு விடுறியா?"

அந்த வாரமே அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஒரு கண்ணில் புரை, அதை எடுத்துவிடலாம் என்றார் கண் மருத்துவர். மற்றதில் உள்ளே நரம்பே போய்விட்டது. கண்ணாடியை மாற்றலாம், வயரை மாற்ற முடியாது. இருட்டில் இனி ஓட்டக் கூடாது என்று முடித்துவிட்டார்.

இப்போது நான் ஓட்டுகிறேன். முதல் நாள் அக்கா முன்னால் உட்கார்ந்தாள், அத்தான் பின்னால். விளக்கு ரோட்டை வெள்ளையாக விரித்துப் போட்டது. ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. என்னிடம் சொல்ல அவளுக்கு எதுவும் இல்லை. காருக்குள் அத்தனை அமைதியை நான் கேட்டதே இல்லை.

ஊர் எல்லை தாண்டியதும் பின்னாலிருந்து அத்தான் கேட்டார். "என்ன, ரேடியோ நின்னுபோச்சா?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வளைவு வருது," என்றாள். "மெதுவா."

எனக்கு அந்த வளைவு நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் அவள் சொன்ன பிறகுதான் பிரேக்கில் கால் வைத்தேன்.