கோடு வரைக்கும்

துளசி போட்ட தண்ணீரை அப்பய்யா தன் தம்பியின் உதட்டருகே கொண்டுபோனபோது, தம்பி பெண்டாட்டி தவிட்டம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"காலைப் பங்கு குடிச்சாச்சு மாமா. இனி மத்தியானம்தான்."

"அம்மா, அவன் போய் அரைமணி நேரமாச்சு."

"தெரியும்" என்றாள். கையை விடச் சற்று நேரம் பிடித்தது.

உத்தானம் வட்டாரத்துத் தென்னந்தோப்புகளுக்கு நடுவே வீடு. தம்பி நீலய்யாவுக்குச் சிறுநீரகம் கெட்டு நாலு வருஷம். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் தண்ணீர். சில்வர் டம்ளரில் ஆணியால் கோடு கீறி, அதற்குமேல் ஒரு சொட்டு போகாமல் காத்தவள் அவள். அவன் தாகத்தைப் பற்றி ஊரில் பல கதைகள் உண்டு. அவன் முறைத்தால் குளம் ஒரு படி இறங்கிவிடும் என்பது அவற்றில் நம்பக்கூடியது.

ஆஸ்பத்திரியில் நீலய்யாவுக்குப் பக்கத்துக் கட்டில்காரனான ஜோகாராவ் வீங்கிய காலோடு வீட்டுக்கு வந்து, அவளருகே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"பன்னெண்டுக்கு எனக்கு மெஷின். அதுக்குள்ள எடுத்துடுவாங்கல்ல தங்கச்சி?"

"எடுத்துடுவாங்க."

"தனக்கப்புறம் ஜன்னலோரக் கட்டிலு எனக்குத்தான்னு சொல்லியிருந்தான். சாட்சிக்கு யாருமில்ல."

அவள் முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலைல இளநி கேட்டாரு. ஒரு வாய் போதும்னாரு. நான் குடுக்கல."

இளநீர் உள்ளே போனால் நெஞ்சு நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போகாமலே நின்றது.

"தெனம் கேக்குறதுதானே" என்றான் ஜோகாராவ்.

"இன்னிக்கும் கேட்டாரு."

அவன் தன் பாதத்தை விரலால் அழுத்தினான். குழி விழுந்தது. அது மேடாகும்வரை இருவரும் அதையே பார்த்தார்கள்.

முற்றத்தில் குளிப்பாட்டினார்கள். ஒரு குடம் அவனுக்குப் பதினைந்து நாள் தண்ணீர். ஏழு குடம் ஊற்றினார்கள். கன்னத்தில் வழிந்தது மூடிய உதட்டோரம் சற்றுத் தங்கி, மண்ணுக்குப் போயிற்று. யாரோ அவளை அழச் சொன்னார்கள். "ம்" என்றாள்.

பதினோரு மணிக்கு எடுத்துவிட்டார்கள். ஜோகாராவ் தெருமுனைவரை பின்னால் போய், அங்கிருந்தே ஆஸ்பத்திரி ஆட்டோவில் ஏறிக்கொண்டான்.

கிடத்தியிருந்த இடத்தைக் கழுவி, விளக்கேற்றி, பக்கத்தில் அந்த டம்ளரில் தளும்பத் தளும்பத் தண்ணீர் வைத்திருந்தார்கள். பெண்கள் குளிக்கக் கிணற்றடிக்குப் போனதும் தவிட்டம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தென்னையடியில் கொஞ்சம் சரித்தாள். கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் சரித்தாள். கோட்டுக்குச் சரியாக நின்றதும் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, பக்கத்திலேயே காவலுக்கு உட்கார்ந்தாள்.