ரிம்மாவுக்கு ஒரு வாக்கு

கிளெப் மத்வேயெவிச்சுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோட்டுப் பொத்தானைத் திருகினார், தண்ணீர் குடித்தார், மறுபடியும் பொத்தானைத் திருகினார். பக்கத்து அறையில் விருந்து தயார். பீட்ரூட்டுக்கு அடியில் புதைத்த ஹெர்ரிங் மீன் மணம், முனைவர் பட்டத்துக்கு வாக்களிக்கும் அவை கூடியிருந்த கூடம் வரைக்கும் வந்தது. வாக்கு எண்ணுவதற்கு முன்பே சமைத்து வைப்பதில் மாஸ்கோக்காரர்களுக்கு என்ன துணிச்சலோ.

ரிம்மா ஒருகாலத்தில் அவருடைய மொழிபெயர்ப்பாளர். அவர் தூதராக இருந்தபோது பேசி முடித்த மீன்பிடி ஒப்பந்தம்தான் அவர் பேர் சொல்லும் ஒரே காரியம். பேராசிரியர் நாற்காலியும் அதனால்தான் கிடைத்தது. அந்த ஒப்பந்தமே தவறு என்று ஆய்வேட்டில் எழுதிவிட்டு, இன்று அவரிருக்கும் அவையிலேயே முனைவர் பட்டம் கேட்டு நின்றாள் அவள்.

அவர் எழுந்து, "மிகவும் பாராட்டத்தக்க உழைப்பு" என்று சொல்லி உட்கார்ந்தார்.

அவரைப் போலவே முன்பு தூதராக இருந்து, இப்போது அவையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆர்கடி காதைக் கடித்தார்.

"போச்சு. பொண்ணுக்குக் குழி தோண்டிட்டியே."

"நெசமாத்தான்யா சொன்னேன்."

"ஒருத்தனைக் கவுக்கறதுக்கு முன்னாடி நம்ம தூதருங்க எல்லாருமே அப்படித்தானே சொல்லுவாங்க?"

கிளெப் மத்வேயெவிச் ரகசிய வாக்குச்சீட்டோடு தடுப்புக்குப் பின்னால் போனார். ஒரு வாரமாக அவளுடைய ஆய்வில் ஓட்டை தேடி அலுத்துவிட்டார். ஒவ்வொரு வரியும் சரி. எதிர்த்துப் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று மனசு அரித்தது. கடைசியில் ஆதரித்தே போட்டார். சொந்தக் கையால் தன் வாழ்க்கையைக் கிழித்துப் போட்டது போல் வலித்தது, கூடவே ஏதோ ஒரு நிம்மதி.

ஒரே ஒரு வாக்கில் ரிம்மா தோற்றாள்.

சமைத்ததை என்ன செய்வது, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவருக்குப் பக்கத்து நாற்காலி மட்டும் காலியாகவே கிடந்தது. ரிம்மாதான் கோன்யாக் பிராந்திப் புட்டியோடு வந்து அவர் கிண்ணத்தை நிரப்பினாள்.

"எனக்கு வருத்தமில்ல, கிளெப் மத்வேயெவிச். உங்க எடத்துல இருந்தா நானும் எதிர்த்துத்தான் போட்டிருப்பேன்."

"ரிம்மா, நான் ஆதரிச்சுத்தான் போட்டேன்."

அவள் சிரித்தாள்.

"பதினோரு வருஷம் உங்க பேச்சை மொழிபெயர்த்தவ நான். நீங்க எப்போ எதுக்கு என்ன சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? விடுங்க, சாப்பிடுங்க."

அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த விருந்தாளியிடம் போனாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.