மூன்றடி சரிவு

நுஸ்ரத்துக்கு இன்ஜினியர்கள் என்றாலே இளக்காரம். அதிலும் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசுகிற இன்ஜினியர் என்றால் கேட்கவே வேண்டாம். காயல்பட்டினத்தில் அவள் தெருவுக்கு மழைநீர் வடிகால் வடிவமைக்க வந்த கம்பெனிக்காரன் ரெக்சன் அந்த ரகம். பத்து நிமிஷம் வெயிலில் நின்றால் வாடிவிடுவான். ஆனால் எந்த வழியாகப் போக வேண்டும் என்று வெள்ளத்துக்கே பாடம் எடுப்பான்.

கல்யாண மண்டபத்தில் தெருக்காரர்களையும் நகராட்சி ஆட்களையும் உட்கார வைத்துக் கூட்டம் போட்டார்கள். பிரச்சினை ஒன்றுதான். தெருவின் கடல்பக்கக் கோடியில், நுஸ்ரத்தின் அக்கா பல்கீஸ் வீட்டை ஒட்டி, தண்ணீரைத் தேக்கும் தொட்டியும் அதை இறைத்துக் கடலில் விடும் பம்பும் வருவதாக முதல் வரைபடத்தில் இருந்தது. புது வரைபடத்தில் இரண்டையும் காணோம். பல்கீஸ் தையலில் பிழைப்பவள். போன பெருவெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்று இரண்டு மிஷினும் துருப்பிடித்துப் போயின. தட்டுத்தடுமாறி ஒரு மிஷின் வாங்கியிருக்கிறாள். அதுவும் போனால் அவளுக்குச் சோறு கிடையாது.

ரெக்சன் திரையில் நீலக்கோடுகளை ஓடவிட்டான். மேல்கோடியில் வெள்ளம் நின்ற உயரத்தையும் கடல்பக்கக் கீழ்க்கோடியில் நின்ற உயரத்தையும் அளந்தாயிற்றாம். இரண்டுக்கும் மூன்றடி வித்தியாசமாம். அவ்வளவு சரிவு இருந்தால் வாய்க்காலில் தண்ணீர் தங்காதாம், தானாகவே கடலுக்கு ஓடிவிடுமாம். தங்காத தண்ணீருக்குத் தொட்டி எதற்கு, பம்பு எதற்கு என்று முடித்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தான்.

நுஸ்ரத் எழுந்தாள். "தம்பி, எங்க தெருவுல தட்டுல ஊத்துன கஞ்சி மாதிரி நாலு நாளு தண்ணி அசையாம கெடந்துச்சு. ஒங்க கம்ப்யூட்டருக்குள்ள போனதும் அதுக்குக் காலு மொளச்சிட்டோ?"

மண்டபம் சிரித்தது. அவளுக்குத் தெம்பு வந்துவிட்டது. கடலைப் பார்த்திருக்கிறாயா, மழையில் நனைந்திருக்கிறாயா, எந்தக் காலேஜில் படித்தாய் என்று வரிசையாக வாங்கு வாங்கென்று வாங்கினாள். ரெக்சன் முகம் கறுத்தாலும் குரலை உயர்த்தவில்லை. திரையில் ஒரு போட்டோவைப் போட்டான். "மேல்கோடிக்கு உங்க வீட்டுச் சொவத்துக் கோடுதாம்மா ஆதாரம். அது தப்புன்னா இப்பவே சொல்லுங்க, திருத்திருவோம்."

அவள் வீட்டுச் சுவர்தான். ஜன்னல் திண்டை ஒட்டிச் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு, பக்கத்தில் வெள்ளம் வந்த தேதி. சுவருக்கு அடியில் புதிதாகக் கட்டிப் பூசிய மூன்றடி மேடை. மேடையைப் பார்த்ததும்தான் நுஸ்ரத்துக்கு விஷயம் உறைத்தது.

வெள்ளத்துக்கு அடுத்த கோடையில், சவுதியில் தம்மாமில் இருக்கும் அவள் புருஷன் ரியாஸ் சொல்லி, வடநாட்டு ஆட்கள் வந்து வீட்டுக்கடியில் ஜாக்கி கொடுத்து மூன்றடி தூக்கினார்கள். அனுமதி கினுமதி ஒன்றும் வாங்கவில்லை. வீடு ஏறினால் சுவர் ஏறும், சுவர் ஏறினால் அதிலிருக்கும் கோடும் ஏறும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிகிற விஷயம். இந்தப் புத்திசாலி என்ன செய்தாள்? மங்கிப்போயிருந்த கோட்டைச் சிவப்பில் புதுப்பித்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிப் பெருமையடித்தாள். அளவுகோலோடு வந்த சர்வேக்காரனுக்கு நன்னாரி சர்பத் கொடுத்து, தண்ணீர் இதுவரைக்கும் நின்றது என்று விரலால் தொட்டும் காட்டினாள். ரெக்சனுடைய மூன்றடி சரிவு, அவள் வீட்டை ஜாக்கி தூக்கிய அதே மூன்றடிதான். அதைக் கழித்தால் தெருவில் சரிவே இல்லை.

சொல்லிவிடலாம்தான். நகராட்சி ஆட்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அதுகூடப் பெரிதில்லை. இவ்வளவு நேரம் அவள் பேச்சுக்குச் சிரித்த கூட்டம் இனி அவளைப் பார்த்துச் சிரிக்கும். அதை நினைத்தாலே உடம்பு கூசியது.

அதற்குள் பல்கீஸ் எழுந்துவிட்டாள். தங்கச்சி வாக்கைச் சந்தேகப்பட்டால் அவளுக்குப் பொறுக்காது. "அந்தக் கோடு பொய்யில்ல தம்பி. ஜன்னல் திண்டத் தொட்டுட்டுத்தான் தண்ணி நின்னுச்சு. நானே பாத்தேன்," என்றாள்.

ரெக்சன் நன்றி சொல்லிக் குறித்துக்கொண்டான். நுஸ்ரத் உட்கார்ந்துவிட்டாள். நாளைக்குப் போய்த் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். அந்த 'நாளை' வரவேயில்லை. தொட்டியும் பம்பும் இல்லாமலே வடிகால் கட்டி முடிந்தது.

கார்த்திகையில் மழை மூன்று நாள் விடாமல் அடித்தது. புது வடிகால் நிரம்பி, போக வழி தெரியாமல் தெருவுக்கு ஏறியது. மூன்றாம் நாள் காலையில், மிஷினின் தலைப்பாகத்தைக் கழற்றி பிளாஸ்டிக் சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு பல்கீஸ் தண்ணீருக்குள் நடந்து வந்தாள். நுஸ்ரத் வீட்டுப் படிக்கட்டின் கீழே நின்று மிஷினை மேலே நீட்டினாள். நுஸ்ரத் வாங்கிக்கொண்டாள்.

மூச்சு வாங்க நிமிர்ந்த பல்கீஸ் சுவரைப் பார்த்தாள். தன் இடுப்பைச் சுற்றி நின்ற தண்ணீரைப் பார்த்தாள். மறுபடியும் சுவரைப் பார்த்தாள்.

"அன்னைக்கும் இங்கன இதே இடுப்பளவுதான நின்னுச்சு. கோடு என்ன, என் தலைக்கு மேல நிக்கு?"

நுஸ்ரத் தலை குனிந்தாள். "ஜாக்கி வச்சுத் தூக்குனப்ப அதுவும் ஏறிப்போச்சு, லாத்தா."

"கூட்டத்துல நான் எந்திரிச்சுப் பேசுனப்ப ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

பல்கீஸ் கையை நீட்டினாள். "மிஷினக் குடு."

வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, ஜனங்களைத் தங்க வைத்திருந்த பள்ளிக்கூடத்தை நோக்கித் தண்ணீருக்குள் திரும்பி நடந்தாள்.