ஈரல் சாறு

சோதனைக் குழாயில் நிறம் ஏறிய வேகத்தைப் பார்த்ததும் ராமலட்சுமிக்குப் பகீரென்றது. ஆட்டுக்கு ஊசி போட்டு ஒரு வாரம் ஆகிவிட்டது. ரத்தத்தில் மருந்து துளியும் இல்லை, தொடைக்கறியிலும் இல்லை. வெட்டிப் பார்த்த ஆட்டின் ஈரல் சும்மாதானே கிடக்கிறது என்று அரைத்துப் பார்த்தால், காணாமல் போன மருந்தெல்லாம் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது.

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து ஆட்டுப்பண்ணையில் எழுபத்து நான்காம் வருஷம் புதிய குடற்புழு மருந்து ஒன்றைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். ரத்தமும் தொடைக்கறியும் பார்த்தால் போதும் என்று திட்டம் போட்டவர் அவளுடைய மேலதிகாரி டாக்டர் துரைசுவாமி. அவரும் கல்பாத்தி அக்ரஹாரம், அவளும் கல்பாத்தி அக்ரஹாரம். முட்டைகூட வாசல்படி தாண்டாத வீடுகள். கறி தின்கிறவர்கள் ஆட்டில் எதைத் தின்கிறார்கள், யாருக்கு எதைக் கொடுக்கிறார்கள் என்று இருவரில் ஒருவர் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். படித்த படிப்புக்கு வெட்கக்கேடு!

ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"கேட்டயா, ரத்தத்துல இல்லேன்னா உடம்புல இல்லேன்னுதான் அர்த்தம். மிச்ச ஆட்டைத் தின்னலாம்னு வேலைக்காராளுக்குக் கொடுத்தாச்சு. நஞ்சப்பன் காலம்பறயே ஓட்டிண்டு போயிட்டான். நீ ஏன் கிடந்து பதர்றே?"

"ஈரல்ல இருக்கு சார். நானே பார்த்தேன்."

"ஈரலைப் பாக்கச் சொல்லி உங்கிட்ட யாரு சொன்னா?"

அவரோடு வாதாட நேரமில்லை. பண்ணைக் காவலாளி நஞ்சப்பனின் வீடு வேலிக்குப் பின்னால்தான். மகள் மருதாத்தாளுக்குக் குழந்தை பிறந்ததென்று போன வாரம் ராமலட்சுமிக்குக் கற்கண்டு கொடுத்திருந்தான். வேலியைத் தாண்டும்போதே மிளகும் சின்ன வெங்காயமும் மணத்தது.

நஞ்சப்பன் பதறிப்போய் வாசலை மறித்தான். "அம்மிணி, உள்ள வராதீங்க. கறி வேகுதுங்க."

"என்ன கறி?"

"ஈரல் சாறுங்க. புள்ள பெத்தவளுக்கு மொதல்ல அதுதானுங்க. நாங்கெல்லாம் பொறகுதானுங்க தின்னுவோம்."

அவள் உள்ளே புகுந்து, முந்தானையால் பிடித்துச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினாள்.

"ஏனுங்கம்மிணி, தின்னலாமுன்னு டாக்டரய்யாதானுங்களே சொன்னாரு?"

"அவருக்குத் தெரியலை. சொன்னாலும் கேக்கலை. இதை யாரும் தொடாதீங்கோ."

நஞ்சப்பனின் முகம் வெளுத்தது. "அவ ஒரு கிண்ணம் குடிச்சுப்போட்டாளுங்களே."

கயிற்றுக் கட்டிலில் மருதாத்தாள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். குழந்தை சப்புக்கொட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது. அந்த மருந்து தாய்ப்பாலில் இறங்கினால் எவ்வளவு கேடு என்று ராமலட்சுமிக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தானே அத்தனை ஆடுகளுக்கு ஊசி குத்தினார்கள்! குழந்தையை மார்பிலிருந்து ராமலட்சுமியே விலக்கினாள். அது வீறிட்டு அழுதது. மருதாத்தாள் ஒன்றும் புரியாமல் அவளை முறைத்தாள்.

"வண்டியைப் பூட்டுங்கோ. ரெண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்கு அழைச்சிண்டு போங்கோ. மருந்துப் பேரை ஒரு சீட்டுல எழுதித் தரேன். நான் பின்னாலேயே வரேன்."

வண்டி கிளம்பியதும் சட்டியை எடுத்துக்கொண்டு பண்ணைக்கு நடந்தாள். சாறு தளும்பி அவள் புடவையில் வழிந்தது. துரைசுவாமியின் மேஜையில், காபி டம்ளருக்குப் பக்கத்தில், சட்டியை வைத்தாள்.

"ரத்தத்துல இல்லை சார். குடிங்கோ."

அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். சட்டியின் அடிக்கரி அவருடைய அறிக்கையில் வட்டமாகப் பதிந்தது. தூரத்தில், சித்தூர் ரோட்டில், குழந்தையின் அழுகை இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.