முனீஸ்வரருக்கு வைத்த முகம்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மலேசியாவின் ஈப்போ நகரில், புந்தோங்கில் ஒரு மழைநாளில் பேருந்துக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் நின்றவர் கையில் மீன் பை. எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த கோயில் திருவிழா நோட்டீசைப் பார்த்தபடி, என்னிடமா தன்னிடமா என்று தெரியாமல், "எங்க தோட்டத்து முனீஸ்வரருக்கு எங்க அம்மாவோட தாத்தா மூஞ்சி லா" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதற்குள் அவருடைய பேருந்து வந்துவிட்டது. எந்தத் தோட்டம் என்றுகூட நான் கேட்கவில்லை.

அவர் தந்தது அந்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் நான் கட்டியது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பொழுது இன்னும் விடியவில்லை. லயத்து வரிசை வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு" (விட்டுவிட்டேன். தோட்டத்துக் கதைகளெல்லாம் இப்படித்தான் விடிகின்றன.)

பிறகு இப்படி: "ராமையாவின் விரல் பட்டால் களிமண்" (இதையும் விட்டேன். ராமையா அந்தச் சிலையைச் செய்தவன். அவன் விரலில் தொடங்கினால் அவன் பெரிய கலைஞனாகிவிடுவான், கதையும் அவனுடையதாகிவிடும். மூன்று மாதம் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சோறு தின்னும்போது திடீரென்று உறைத்தது: அந்த முகத்துக்கு ஒரு பெண்டாட்டி இருந்திருப்பாளே? அவளை யார் கேட்டார்கள்?)

எனவே இது செல்லாயியின் கதை.

2

செல்லாயியும் அவள் புருஷன் மாயாண்டியும் ஈப்போவிலிருந்து மாட்டுவண்டியில் அரை நாள் தூரத்திலிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார்கள், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தார்கள். ஐந்து வயதில் பாப்பா என்று ஒரு மகள். 1926 ஆவணியில் மாயாண்டிக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அவன் பிந்தி வந்தான். ஏன் பிந்தினாய் என்று கங்காணி அப்பாவு கேட்டான்.

மாயாண்டியின் இடது புருவம் மேலே போயிற்று. அது அவன் பழக்கம். யாராவது ஏதாவது கேட்டால், திருப்பி ஒன்று கேட்கப்போகிறவன் மாதிரி அந்த ஒரு புருவம் மட்டும் ஏறும். பிறகுதான் பதில் வரும். கல்யாணமான புதிதில் செல்லாயிக்கே அதைப் பார்த்தால் கோபம் வரும். கங்காணி அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டான். கைத்தடி காதுக்குப் பின்னால் விழுந்தது.

(அடித்த காட்சியை முதலில் ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தேன். ஆனால் செல்லாயி அதைப் பார்க்கவில்லை. பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விடப் போயிருந்தாள். அவள் பார்க்காததை நாம் மட்டும் பார்ப்பது சரியாகப் படவில்லை. கிழித்துவிட்டேன்.)

அவள் பார்த்தது நான்கு பேர் அவனைத் தூக்கி வந்ததை. அடிபட்ட இரண்டாம் நாள் மதியம் அவன் செத்தான். தோட்டத்துப் புத்தகத்தில் கணக்கெழுதும் கிராணி 'காய்ச்சல்' என்று எழுதினார். காய்ச்சல் இருந்தது உண்மைதானே.

அடித்ததைக் கண்டவர்கள் நாற்பது பேர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. 'செல்லாயி அவர்களைக் குறை சொல்லவில்லை' என்று எழுதி, பிறகு கோடு போட்டு அடித்தேன். குறை சொன்னாள். ராத்திரியும் பகலும் மனதுக்குள் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி வைதாள். கிணற்றடியில் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் சேந்தினாள்.

3

அந்த வருஷக் கடைசியில் பெருவெள்ளம் வந்தது. தோட்டத்து எல்லையில் நின்ற பழைய முனீஸ்வரரை அது கரைத்துக்கொண்டு போயிற்று. ஆற்றோரம் மாயாண்டியைப் புதைத்திருந்த மேட்டையும் கொண்டுபோயிற்று. தண்ணீர் வடிந்த பிறகு செல்லாயி பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்த் தேடினாள். எல்லா இடமும் ஒரே சேறாக இருந்தது. எங்கே நின்று அழுவது என்று தெரியாமல் திரும்பி வந்தாள்.

எல்லைச் சாமி இல்லாமல் சனங்கள் ரப்பர்க் காட்டுக்குள் போகப் பயந்தார்கள். வேலை கெடுகிறது என்று கங்காணியே துரையிடம் அனுமதி வாங்கினான். ராமையா இங்கே மரம் வெட்டினாலும் பிறந்தது மண்பாண்டம் செய்கிற குடும்பத்தில். ஈயம் தோண்டிக் கைவிட்ட லம்பம் ஒன்றிலிருந்து வெள்ளைக் களிமண் கொண்டுவந்தான். கீற்றுத் தடுப்புக்குள் உட்கார்ந்து இரண்டு மாதம் பிசைந்தான். லாலான் புல்லும் ரப்பர் விறகும் போட்டுச் சுட்டான்.

சித்திரையில் கண் திறப்பு. முதல் தேங்காய் கங்காணி உடைத்தான். திரையை விலக்கினார்கள்.

உருட்டின கண், கடைவாய்ப் பல், முறுக்கின மீசை எல்லாம் முனீஸ்வரருக்கு உள்ளதுதான். ஆனால் இடது புருவம் வலது புருவத்தைவிட ஒரு விரற்கடை மேலே ஏறி நின்றது.

செல்லாயி கூட்டத்தில் ஐந்தாவது வரிசையில் நின்றாள். பக்கத்தில் நின்ற நல்லம்மாள் அவள் முழங்கையைப் பிடித்தாள். சும்மா பிடித்த பிடி இல்லை. விழாமல் தாங்குகிற பிடி. அப்போதுதான், தன் கண்ணுக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லை என்று செல்லாயிக்குத் தெரிந்தது. நாற்பது பேரும் குனிந்த தலை நிமிரவில்லை. கங்காணி கன்னத்தில் போட்டுக்கொண்டான். அடித்தவனுக்கு அந்த முகம் நினைவில்லை.

4

(இங்கே ராமையாவும் செல்லாயியும் பேசவேண்டும். என் முதல் வரைவில் அவள் அவன் காலில் விழுந்து நன்றி சொன்னாள். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் மறைக்காமல் சொல்கிறேன்.)

மறுநாள் அவள் ராமையாவின் மர நிரைக்கே போனாள். அவன் மரத்தில் கத்தி வைத்துக்கொண்டிருந்தான்.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டியாண்ணே?"

ராமையா கத்தியை எடுக்கவில்லை. பால் வழிந்து மரத்தில் கட்டிய மங்கில் சொட்டியது.

"கண்ணு ரெண்டும் நான் செஞ்சேன் தாயி. புருவம் வைக்கயில கை தன்னால அங்க போயிருச்சு. ரெண்டு தரம் அழிச்சேன். ரெண்டு தரமும் அங்கதான் போச்சு."

"மறுபடியும் அழி. எம்மக நாளைக்கு அது முன்னால போய் நின்னு அப்பான்னு கூப்புட்டா?"

சுட்ட மண்ணை அழிக்க முடியாது, உடைக்கத்தான் முடியும் என்றான் ராமையா. நீ சொன்னால் இன்றைக்கே உடைக்கிறேன், சாமி குத்தம் என் தலையோடு போகட்டும் என்றும் சொன்னான். உடை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அன்று இரவு பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு, அது சாமி, அப்பா இல்லை என்று சொல்லிக் கொடுத்தாள். பிள்ளை "ஆனா அப்பா மாதிரி" என்று இழுத்தது. செல்லாயி அதன் வாயில் அடித்தாள். மாயாண்டி ஒருநாளும் அந்தப் பிள்ளையை அடித்ததில்லை.

5

யார் தொடங்கினார்கள் என்று தெரியவில்லை. காட்டுக்குப் போகிறவர்கள் எல்லையில் நின்று கும்பிட்டு, உதடு அசையாமல், "வாரேண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். திரும்பும்போது "வந்துட்டேண்ணே" என்றார்கள். சாமியை அண்ணன் என்று அழைக்கிற வழக்கம் எந்தக் கோயிலிலும் இல்லை. பெட்டிக்கடையில் வாங்கிய சுருட்டை யாரோ தினமும் வைத்தார்கள். மாயாண்டி குடித்த அதே சுருட்டு. அன்றைக்கு வாயடைத்து நின்ற நாற்பது பேரும் இப்போது தினம் இரண்டு வேளை அவனிடம் சொல்லிவிட்டுப் போனார்கள், வந்தார்கள்.

செல்லாயி அவர்களை வைவதை நிறுத்தினாள். மன்னித்துவிட்டாள் என்று எழுத எனக்கு மனமில்லை. கிணற்றடியில் முகம் பார்த்துப் பேசத் தொடங்கினாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவள் மட்டும் சிலைக்கு முன்னால் நிற்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாகக் கடந்துபோவாள்.

6

பத்துமலை என்ற பையன் (பையன் இல்லை, முப்பது வயசுக்காரன், கொஞ்சம் காது மந்தம், அதனால் சத்தமாகப் பேசுவான்) ஒருநாள் "வாரேண்ணே" என்று உரக்கச் சொல்லிவிட்டான். பின்னால் கங்காணி வந்துகொண்டிருந்தான்.

அப்பாவு நின்று சிலையை முதல்முறையாகப் பார்த்தான். சுருட்டைப் பார்த்தான். புருவத்தைப் பார்த்தான்.

அவனால் உடனே உடைக்க முடியவில்லை. தேங்காய் உடைத்தவன் அவன். அது சாமி என்றால் கை வைக்க முடியாது. செத்தவன் உருவம் என்றால், துரையிடம் சொல்லி நொறுக்கிவிட்டுச் செய்தவனையும் துரத்தலாம். அது யாருடைய முகம் என்று யாராவது ஒருவர் வாயால் சொல்லவேண்டும். ஒரு வாரம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டான். முனீஸ்வரருங்க என்றார்கள். மிரட்டிக் கேட்டான். முனீஸ்வரருங்க. கள் வாங்கிக் கொடுத்துக் கேட்டான். அதே பதில்.

எட்டாம் நாள் எடுத்த பாலை எடைபோட்டு முடிந்ததும் எல்லோரையும் எல்லைக்கு வரச்சொன்னான். செல்லாயியை முன்னால் நிறுத்தினான். உண்மையைச் சொன்னால் அவளையும் மகளையும் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவைப்பதாக எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான். பிறகு கேட்டான்:

"இது யாரு மூஞ்சி?"

(இந்த இடத்தில் பதினொரு நாள் எழுதாமல் இருந்தேன்.)

பத்து மாதமாக அவள் காத்திருந்த கேள்வி அது. யாராவது ஒருவன், துரையோ கிராணியோ போலீசோ, பலபேர் நடுவில் தன்னை நிறுத்தி, உன் புருஷன் யார், அவனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கமாட்டானா என்று காத்திருந்தாள். கேட்டுவிட்டான். கேட்டவன் கொன்றவன். சொன்னால் மாயாண்டியின் பெயர் நாற்பது பேர் நடுவில் ஒருமுறை ஒலிக்கும்; மறுநிமிஷம் அவன் முகம் தூளாகும். சொல்லாவிட்டால் முகம் இருக்கும், ஆனால் அவனுடையதாக இருக்காது.

அன்றுதான் அவள் அந்த முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"சாமிங்க" என்றாள்.

யாரோ மூச்சு விட்டது கேட்டது. செல்லாயி கங்காணி பக்கம் திரும்பினாள்.

"நீங்கதான மொதத் தேங்கா ஒடைச்சீங்க. சாமியப் போயி மனுசன்னு நெனச்சுட்டீங்க. கும்புட்டுக்குங்க."

அப்பாவு கூட்டத்தைப் பார்த்தான். யாரும் நகரவில்லை. முதலில் கையை மட்டும் குவித்தான். அது போதாது என்று அவனுக்கே தெரிந்தது. தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். எழுந்திருக்க நேரமாயிற்று.

7

இங்கே முடித்திருந்தால் உங்களுக்குப் பிடித்திருக்கும். எனக்கும்தான். ஆனால் ஒரு மாதத்துக்குள், கத்தியை ஆழமாகப் போட்டு மரத்தைக் காயப்படுத்துகிறான் என்று சொல்லி ராமையாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். பாரிட் புந்தார் பக்கம் நெல்வயல் வேலைக்குப் போனதாகச் சொன்னார்கள். அவன் மறுபடியும் மண்ணைத் தொட்டானா என்று தெரியாது. அப்பாவு கங்காணியாகவே இருந்தான். புத்தகத்தில் 'காய்ச்சல்' அப்படியே இருந்தது. பாப்பா அப்பா முகத்தை மறந்துபோனாள். கேட்டால், சாமி முகம் மட்டும் தெரியும் என்றாள்.

முடிவுக்கு இரண்டு வரைவு வைத்திருக்கிறேன். ஒன்றில் செல்லாயி மகளோடு ஈப்போவுக்குப் போய்ப் புந்தோங்கில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள், அந்தச் சிலையை மறுபடி பார்ப்பதே இல்லை. இன்னொன்றில் தோட்டத்திலேயே இருந்து கிழவியாகிறாள். இரண்டிலும் ஒரு காட்சி மட்டும் பொது. கங்காணி விழுந்து எழுந்த அன்று சாயங்காலம், எல்லோரும் லயத்துக்குப் போன பிறகு, அவள் தனியாக எல்லைக்கு வருகிறாள். முக்காட்டை எடுக்கிறாள். சிலைக்கு எதிரே காலை மடக்கி உட்கார்கிறாள். புருஷன் பேரைச் சொல்கிற வழக்கம் அவள் சனத்தில் கிடையாது. 'இந்தாங்க' என்றுதான் அவனைக் கூப்பிட்டிருக்கிறாள். சாமி என்று அவள் சொல்லி இன்னும் அரைநாள் ஆகவில்லை.

அவள் வாய் திறந்து ஒருமுறை கூப்பிடுகிறாள்.

எப்படிக் கூப்பிட்டாள் என்று நான் எழுதப்போவதில்லை. அந்த நாற்பது பேரில் ஒருவராக நீங்கள் அன்றைக்கு மரத்துக்குப் பின்னால் நின்றிருந்தால், உங்கள் காதில் என்ன விழுந்ததோ, அதை நீங்களே இங்கே எழுதிக்கொள்ளுங்கள்.